நீச்சல் தடாகத்து வெப்பப் பம்பியும் அதன் நீர்க்கசிவும்

மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வது நீரின் இயல்பு. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் செல்வது வெப்பத்தின் இயல்பு. பள்ளத்து நீரை மேட்டுக்கு ஏற்றுதற்கு ஒரு பம்பியும் அதனை இயக்க ஆற்றலும் வேண்டியிருப்பது போலவே, குளிர்ந்த இடத்திலுள்ள வெப்பத்தைச் சூடான இடத்துக்கு ஏற்றுதற்கும் ஒரு பொறியும் சிறிது ஆற்றலும் வேண்டும். அப்பொறிக்கே வெப்பப் பம்பி என்று பெயர். நம் வீடுகளிலுள்ள குளிர்சாதனப் பெட்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. உள்ளே வைத்த பண்டத்தின் வெப்பத்தை எடுத்து அது புறத்தே தள்ளுகின்றது; அதனாலேயே அதன் பின்புறம் சூடாயிருக்கின்றது. அதே தொழிலை வேறொரு திசையிற் செலுத்தி, வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தடாக நீருக்குள் விட்டால், அது நீச்சல் தடாகத்து வெப்பப் பம்பியாகின்றது.

வெப்பவலயத்து நாடாகிய இலங்கையில் நீரைச் சூடாக்கவும் வேண்டுமோ என வினவுவார் உளர். கண்டி நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 24, 25 பாகை செல்சியசு அளவினது. மார்கழி, தை மாதத்து இரவுகளில் அது 20 பாகைக்கும் கீழே இறங்கும். மலை நிழல் விழும் சரிவுகளில் அமைந்த தடாகங்களில், காலையில் இறங்குவோர் நடுங்குவதில் வியப்பில்லை. நீச்சற் போட்டிக்குரிய தடாகத்து நீர் 25 பாகை முதல் 28 பாகை வரையில் இருத்தல் வேண்டுமென்பது சர்வதேச நீச்சல் விதி. எனவே மலைநாட்டிற் பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் தடாகம் அமைப்போர் இப்பொறியை நாடுதல் இயல்பே.

இப்பொறியைப் பராமரிப்போர் கூறும் முறைப்பாடுகளுள் முதன்மையானது, ‘பொறியின் அடியில் தண்ணீர் நிற்கின்றது’ என்பதாகும். உடனே கசிவு என்று தீர்மானித்துப் பொறியைக் கழற்றத் தொடங்குவாரும் உளர். தண்ணீர் வருவது இதன் வழக்கமே என்று வாளாவிருப்பாரும் உளர். இருவரும் நட்டமடையக் கூடும். நோயறியாது மருந்து கொடுத்தல் எத்தகையதோ, நீரின் மூலத்தை அறியாது பொறியைத் திருத்தப் புகுதலும் அத்தகையதே. அம்மூலத்தை அறியும் வழியையும், அறிந்தபின் திருத்தும் முறையையும் எளிதாக விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறியின் வரலாறும் அமைப்பும்

வெப்பத்தைப் பம்பி கொண்டு ஏற்றலாம் என்ற எண்ணத்தை 1852ஆம் ஆண்டில் வெளியிட்டவர், பின்னர்க் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தொம்சன் ஆவார். அதே பத்தாண்டில் ஒஸ்திரிய நாட்டைச் சேர்ந்த பீற்றர் வொன் றிற்றிங்கர் என்பார், எபன்சே என்னுமிடத்து உப்பாலையில் இக்கொள்கையைச் செயலிற் காட்ட முயன்றார். சுவிற்சர்லாந்தின் சூரிச்சு நகரிலே 1941ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட உள்ளக நீச்சல் தடாகத்துக்கு வெப்பம் அளிக்கவும் வெப்பப் பம்பி பயன்பட்டது. போர்க்காலத்தில் நிலக்கரி அரிதாயிருந்த அந்நாடு, ஆற்று நீரிலும் காற்றிலும் வீணே கிடந்த வெப்பத்தைத் தேடிச் சென்றது இயல்பே.

இன்றைய தடாகப் பொறியில் நான்கு முதன்மை உறுப்புக்கள் உள்ளன. ஒன்று, மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாகப் பொருத்தப்பட்ட குழாய்ச் சுருள். இதற்கு ஆவியாக்கி என்று பெயர். பெரிய விசிறியொன்று வெளிக்காற்றை இதனூடாக இழுக்கின்றது. சுருளினுள் ஓடும் குளிர்பொருள் அக்காற்றின் வெப்பத்தை ஏற்று ஆவியாகின்றது. இரண்டாவது அமுக்கி. அது அவ்வாவியை நெருக்கி அதன் வெப்பநிலையை உயர்த்துகின்றது. மூன்றாவது வெப்பமாற்றி. சூடான ஆவி இங்கே தடாக நீருக்கு வெப்பத்தைக் கொடுத்துத் தானும் திரவமாக ஒடுங்குகின்றது. நான்காவது விரிவு வால்வு. அது திரவத்தின் அமுக்கத்தைக் குறைத்து மீண்டும் ஆவியாக்கிக்கு அனுப்புகின்றது.

இவ்வமைப்பினாற் பெறும் ஊதியம் பெரிது. ஒரு பங்கு மின்னாற்றலைச் செலவிட்டு, ஏறத்தாழ ஐந்து பங்கு வெப்பத்தைத் தடாகத்துக்கு அளிக்கலாம். எஞ்சிய நான்கு பங்கும் காற்றுத் தந்தவை. 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் 1.4 மீற்றர் சராசரி ஆழமும் உடைய சிறு தடாகத்தில் 70 கன மீற்றர் நீர் உண்டு. அதனை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 81 அலகு வெப்பம் வேண்டும். மின்சுருளைக் கொண்டு சூடாக்கின் 81 அலகு மின்சாரம் செலவாகும். வெப்பப் பம்பிக்கோ ஏறத்தாழ 16 அலகு போதும்.

நாற்பெரும் உறுப்புக்களுள் தடாக நீர் புகுவது வெப்பமாற்றி ஒன்றினுள் மட்டுமே என்பதைப் படிப்போர் நன்கு மனத்திற் கொள்ளுக. ஆவியாக்கிக்குள்ளோ அமுக்கிக்குள்ளோ தடாக நீர் செல்வதில்லை. ஆகவே தடாக நீர் கசிய வேண்டுமாயின், அது வெப்பமாற்றியிலிருந்தோ, அதனோடு தொடுத்த குழாய்களிலிருந்தோதான் கசிதல் வேண்டும்.

ஈரக்காற்றிலிருந்து பிறக்கும் நீர்

குளிர்ந்த நீர் வார்த்த செம்பின் புறத்தே துளிகள் அரும்புவதைக் கண்டுள்ளோம். செம்பு கசியவில்லை, காற்றிலிருந்த நீராவியே அதன் குளிர்ந்த மேற்பரப்பில் நீராக ஒடுங்கியது. காற்றில் ஈரம் மிகுந்திருக்க, இவ்வொடுக்கமும் மிகும். தேயிலைத் தொழிற்சாலையிற் பணி செய்தோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கொழுந்து வாட்டும் தளத்திலே உலர்குமிழ், ஈரக்குமிழ் ஆகிய இரு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, அவை காட்டும் வேறுபாட்டைக் கொண்டு காற்றின் ஈரத்தை அவர் மதிப்பிடுவர். வேறுபாடு சிறிதாயின் காற்று நீரால் நிரம்பியுள்ளது. கொழுந்து எளிதில் வாடாது.

கண்டிக் காற்றும் பெரும்பாலும் அத்தகையதே. வெப்பநிலை 25 பாகையாகவும் சாரீரப்பதன் நூற்றுக்கு 80 ஆகவும் உள்ள ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். அக்காற்று ஏறத்தாழ 21 பாகைக்குக் குளிர்ந்தவுடனேயே நீர் துளிக்கத் தொடங்கும். இவ்வெல்லைக்குப் பனிபடுநிலை என்று பெயர். பொறியின் ஆவியாக்கியோ 10, 12 பாகை அளவிற் குளிர்ந்திருக்கும். எனவே பொறி ஓடும் நேரமெல்லாம் அதன் தகடுகளினின்று நீர் வழிந்துகொண்டேயிருக்கும். இதனை ஒடுங்குநீர் என்போம்.

இவ்வொடுங்குநீரின் அளவை எளிய கணக்கொன்றால் அறியலாம். பொறியொன்று காற்றிலிருந்து 10 கிலோவாற்று வெப்பத்தை எடுக்கின்றதெனவும், அதிற் பாதி நீராவி ஒடுங்குவதாற் கிடைக்கின்றதெனவும் கொள்வோம். ஒரு கிலோகிராம் நீராவி ஒடுங்கும்போது வெளிவிடும் மறைவெப்பம் ஏறத்தாழ 2,450 கிலோயூல். 5 கிலோவாற்று வீதத்தில் ஒரு மணி நேரத்திற் கிடைப்பது 18,000 கிலோயூல். ஆகவே ஒடுங்கும் நீர் மணிக்கு 7 லீற்றருக்கு மேல். எட்டு மணி நேரம் பொறி ஓடினால் 58 லீற்றர். அஃதாவது பெரிய வாளிகளில் நாலைந்து. இத்துணை நீரையும் கண்டு, தடாகம் ஒழுகுகின்றதென்று அஞ்சுவது இயல்பே. ஆயினும் இந்நீர் நோயின் குறியன்று. பொறி நன்கு உழைக்கின்றதென்பதன் குறியாகும்.

இதற்கு எதிர்மாறாக மெய்யான கசிவு மிகச் சிறிதாகத் தோன்றலாம். ஒரு நொடிக்கு ஒரு துளி விழும் கசிவை எடுத்துக்கொள்வோம். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டால், ஒரு நாளில் விழும் 86,400 துளிகளும் 4 லீற்றரைச் சிறிதே தாண்டும். ஒடுங்குநீர் அரை மணியிற் பெருகும் அளவை இக்கசிவு தர ஒரு நாள் வேண்டும். பெருகி ஓடுவது தீங்கற்றது. சொட்டாக வீழ்வது தீங்குடையது. கண்ணால் அளவைப் பார்த்து மட்டும் முடிவு செய்வோர் ஏமாறுவது இதனாலேயே.

நீரின் மூலத்தை அறியும் சோதனைகள்

முதற் சோதனை நிறுத்திப் பார்த்தல். வெப்பப் பம்பியை மாத்திரம் நிறுத்தி, தடாக நீரைச் சுற்றியோடச் செய்யும் நீர்ப்பம்பியை ஓடவிடுக. ஆவியாக்கியின் குளிர்ச்சி நீங்கியபின் புதிதாக ஒடுங்குநீர் தோன்றாது. முன்னர்த் தேங்கியதும் சில மணி நேரத்தில் வடிந்து உலரும். அதன் பின்னும் துளிகள் விழுமாயின், அவை அமுக்கத்தோடு ஓடும் தடாக நீரின் துளிகளே. மழை பெய்யும் நாளில் இச்சோதனையைச் செய்தல் ஆகாது. பூஞ்செடிக்குப் பாய்ச்சும் நீரும் பொறியின்மேற் படாதிருக்க வேண்டும்.

இரண்டாவது குளோரீன் சோதனை. தடாக நீரைச் சோதிக்க வைத்திருக்கும் அதே சோதனைப் பெட்டி போதும். பொறியின் அடியிலிருந்து வீழும் புதிய துளிகளைச் சுத்தமான கண்ணாடிக் குவளையில் ஏந்துக. தரையிலே நாட்பட்டுத் தேங்கிய நீரிற் குளோரீன் போய்விட்டிருக்கும். ஆதலின் அது சோதனைக்கு உதவாது. சோதனை மருந்தை இட்டவுடன் இளஞ்சிவப்போ மஞ்சளோ, அம்மருந்துக்குரிய நிறம் தோன்றின் அது தடாக நீர். நிறம் தோன்றாதாயின் அது பெரும்பாலும் ஒடுங்குநீர். நகரக் குழாய்நீரிலும் குளோரீன் உண்டாதலின், அருகேயுள்ள குழாயொன்று ஒழுகி இச்சோதனையை மயக்காதபடி பார்த்துக்கொள்க. உப்பைக் கொண்டு குளோரீன் ஆக்கும் தடாகமாயின், உப்புச் செறிவை அளக்கும் கருவியாலும் வேறுபாட்டை அறியலாம், ஒடுங்குநீரில் உப்பில்லை.

மூன்றாவது வாளிச் சோதனை. மேற்கூறிய இரண்டும் பொறியைப் பற்றியவை. இது தடாகம் முழுவதையும் பற்றியது. ஒரு வாளியில் தடாக நீரை நிரப்பித் தடாகத்துப் படியொன்றில் வைக்குக. வாளியினுள்ளும், வாளியின் வெளியே தடாகத்தின் மட்டத்திலும் ஒவ்வொரு கோடு இடுக. 24 மணி நேரத்தின் பின் இரண்டையும் ஒப்பிடுக. ஆவியாகிப் போகும் நீர் வாளியிலும் தடாகத்திலும் ஏறத்தாழ ஒரே அளவாகக் குறையும். தடாகத்து மட்டம் வாளியின் மட்டத்தினும் மிகுதியாகத் தாழ்ந்தால், எங்கோ கசிவு உண்டென்பது தெளிவு. நீர்ப்பம்பி ஓடும் நாளில் ஒருமுறையும் ஓடாத நாளில் ஒருமுறையும் இதனைச் செய்க. ஓடும்போது மட்டும் இழப்பு மிகுமாயின், குற்றம் அமுக்கமுடைய குழாய்த் தொகுதியிலோ பொறியிலோ இருத்தல் கூடும்.

ஒடுங்குநீராயின் செய்யத்தக்கவை

மூலம் ஒடுங்குநீரென்று தெளிந்தால் திருத்த வேண்டியது கசிவன்று, வடிகால். பொறியின் அடித்தட்டிலே நீர் வெளியேறுதற்கு ஒன்றிரண்டு துளைகள் உள்ளன. காய்ந்த இலை, தூசி, பாசி, எறும்புப் புற்று, பல்லியின் முட்டை ஓடு முதலியன அவற்றை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட நீர் தட்டில் நிறைந்து, ஓரத்தால் வழிந்து, கசிவைப் போலத் தோற்றமளிக்கின்றது. துளைகளைத் துப்புரவு செய்து, பொறி வடிகாற் பக்கமாகச் சிறிதே சாய்ந்திருக்கும்படி தளத்தைச் சீர் செய்து, துளையிற் குழலொன்றைப் பொருத்தி நீரை ஒரு வாய்க்காலுக்கு விட்டால் முறைப்பாடு ஒழியும்.

தண்ணீர் வருகின்றதே என்று சிலர் அத்துளைகளைச் சிமெந்தாலோ பசையாலோ அடைத்துவிடுவதுண்டு. இது பெருந்தவறு. வெளியேற வழியற்ற நீர் உள்ளேயே தேங்கி, அடித்தட்டைத் துருப்பிடிக்கச் செய்து, மின் இணைப்புக்களையும் எட்டக்கூடும். ஆவியாக்கியின் தகடுகளையும் இடையிடையே மென்மையான தூரிகையாலும் மெதுவாக ஓடும் நீராலும் கழுவுதல் நன்று. தகடுகளில் அழுக்குச் சேர்ந்தால் காற்றோட்டம் குறைந்து, பொறியின் உழைப்பும் குறையும்.

தடாக நீராயின் திருத்தும் முறை

முதலிற் காவல். நீரும் 230 வோற்று மின்சாரமும் ஓரிடத்திற் சேர்ந்தால் உயிருக்கு இடர். தனியாளியில் மின்னை நிறுத்தி, வேறொருவர் அறியாது போடாதபடி அதனைப் பூட்டி, ‘வேலை நடைபெறுகின்றது’ என்ற பலகையையும் தொங்கவிடுக. பொறியினுள்ளேயிருக்கும் கொள்ளளவிகள் மின்னை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் மின்னேற்றத்தோடு இருக்குமாதலின், உடனே கையை விடலாகாது. புவித்தொடுப்பும், கசிமின்னைக் கண்டவுடன் துண்டிக்கும் காவல் ஆளியும் இன்றி இத்தகைய பொறியை இயக்குதலே கூடாது.

அடுத்து, கசியும் இடத்தைக் காணல். பொறிக்கு மின் இல்லாத நிலையில், நீர்ப்பம்பியை மட்டும் வேறு சுற்றிலிருந்து ஓடச் செய்யலாம். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் ஈரத்தைத் துணியால் முற்றாகத் துடைத்து, ஒவ்வோர் இணைப்பின் கீழும் உலர்ந்த தாளொன்றை விரித்து வைக்குக. முதலில் நனையும் தாள் இடத்தைச் சொல்லும். நீர் குழாயின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு நெடுந்தூரம் ஊர்ந்து சென்று பின்னரே வீழுமாதலின், வீழும் இடத்தைக் கசியும் இடமென்று கொள்ளாது, மேல்நோக்கித் தேடிச் செல்லுதல் வேண்டும்.

நன்கமைந்த தடாகங்களில் பொறிக்கு நீர் புகும் குழாயில் ஒன்றும், வெளியேறும் குழாயில் ஒன்றும், இரண்டையும் நேரே இணைக்கும் குறுக்குக் குழாயில் ஒன்றுமாக மூன்று வால்வுகள் இருக்கும். பொறியை நிறுத்தியபின், முதலிற் குறுக்கு வால்வைத் திறந்து, பிறகு மற்றை இரண்டையும் மூடினால், தடாகத்து நீர் பொறியைச் சேராமலே சுற்றியோடும். திருத்தம் நடைபெறும் நாள்களிலும் வடிகட்டல் தடைப்படாது. குறுக்கு வால்வைத் திறக்குமுன் மற்றவற்றை மூடுதல் கூடாது. ஓடும் நீரின் வழி திடீரென அடைபட்டால், அமுக்கம் உயர்ந்து வேறு இணைப்புக்களும் விட்டுப்போகும். இம்மூன்று வால்வுகளும் இல்லாத தடாகத்தில், முதற் பழுதின்போதே அவற்றை அமைத்துவிடுதல் சிக்கனமாகும்.

பெரும்பாலான கசிவுகள் குழாயும் பொறியும் கூடும் யூனியன்களிலேயே தோன்றுகின்றன. யூனியனைக் கழற்றினால் உள்ளே இறப்பர் வளையம் ஒன்று இருக்கும். வேலைத்தலத்தார் அதனை ‘ஓ றிங்’ என்பர். மணற்பரல் ஒன்று அதன்கீழ் அகப்பட்டாலும், வளையம் தட்டையாகிப் போனாலும், வெடித்தாலும் நீர் கசியும். தவாளிப்பைத் துடைத்து, அதே அளவுடைய புதிய வளையத்தை இட்டு, சிலிக்கன் களிம்பு சிறிது தடவிக் கையால் இறுக்குக. பெற்றோலியக் களிம்புகள் சிலவகை இறப்பரை ஊதச் செய்யுமாதலின் அவற்றைத் தவிர்த்தல் நலம். கசிவு நிற்கவில்லையென்று ஸ்பானர் கொண்டு மேலும் மேலும் முறுக்குவோர், பிளாத்திக்கு மரையையே பிளந்துவிடுகின்றனர். நன்கமைந்த வளையத்துக்குக் கையின் வலிமையே போதும்.

மரையிட்ட சிறு உறுப்புக்களும் உள. நீர் ஓடுகின்றதா என்பதை அறியும் ஆளி, வெப்பநிலையை அறியும் உணரி, பாத்திரத்து நீரை வடிக்கும் அடைப்பான் என்பன அவை. அவற்றைக் கழற்றிப் பழைய பட்டியை நீக்கி, மரையின் சுற்றுப் போக்கிலேயே வெண்ணிற மென்பட்டியைச் சில சுற்றுச் சுற்றி மீண்டும் பூட்டுக. எதிர்ப்புறமாகச் சுற்றினால் பூட்டும்போதே பட்டி கழன்றுவிடும். வளையத்தால் அடைபடும் உறுப்புக்குப் பட்டி வேண்டியதில்லை. வளையத்தை மாற்றினாற் போதும்.

பீ.வீ.சீ. பசையிட்டு ஒட்டிய இணைப்புக் கசியுமாயின், அதன்மேற் பசையைப் பூசி அடைக்க முயல்வது வீண் முயற்சி. பசை இரு பரப்புக்களையும் கரைத்து ஒன்றாக்குவது. வெளியே பூசிய பசைக்கு அவ்வேலை இல்லை. அவ்விணைப்பை வெட்டியெடுத்து, புதிய துண்டை உலர்ந்த பரப்பில் ஒட்டி, பசைக்குரிய நேரம் முழுவதும் காத்திருந்த பின்னரே நீரை விடுதல் வேண்டும்.

வெப்பமாற்றியின் பிளாத்திக்குப் பாத்திரத்திலே வெடிப்புக் காணப்படின் பாத்திரத்தையே மாற்றுதல் வேண்டும். அதனுட் செல்லும் உலோகக் குழாயின் இரு முனைகளும் பாத்திரத்தை ஊடுருவும் இடங்களிலும் இறப்பர் அடைப்புக்கள் உண்டு. அங்கே கசிவு தோன்றினால் அனுபவமுள்ள தொழில்நுட்பவியலாளரைக் கொண்டே திருத்துக. இறுக்கும்போது குழாய் முறுகினால், அதனுள்ளிருக்கும் குளிர்பொருள் வெளியேறும் ஆபத்து உண்டு.

தைத்தேனியக் குழாயும் அதன் காவலும்

வெப்பமாற்றியினுள் குளிர்பொருள் செல்லும் குழாய் இக்காலத்திற் பெரும்பாலும் தைத்தேனியம் என்னும் உலோகத்தால் ஆனது. இவ்வுலோகத்தை உடைய கனியமணல் நம் நாட்டிலேயே உண்டு. திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் இல்மனைற்றும் உரூத்தைலும் மிகுந்துள்ளன. அதனை எடுத்துப் பிரிக்கவே 1957ஆம் ஆண்டில் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இவ்வுலோகத்தின் மேற்பரப்பில் தானே உண்டாகும் ஒட்சைட்டுப் படலம் குளோரீனையும் உப்பையும் தாங்க வல்லது. செம்புக் குழாய்க்கு அவ்வலிமை இல்லை. அமிலத்தன்மை மிகுந்த நீர் செம்பைச் சிறிது சிறிதாக அரித்துத் துளைத்துவிடும்.

குழாய் துளைபட்டால் நிகழ்வது கொடியது. பொறி ஓடும்போது குளிர்பொருளின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் இருபது மடங்கையும் தாண்டும். தடாக நீரின் அமுக்கமோ அதன் முன் அற்பமானது. ஆகையால் முதலிற் குளிர்பொருளே நீருக்குள் வெளியேறும். தடாகத்துக்கு நீர் திரும்பும் வாயில்களிற் காரணமின்றிக் குமிழிகள் தோன்றுதல், பொறி வெப்பம் தராது அடிக்கடி நின்றுபோதல், நீரில் எண்ணெய்ப் படலம் மிதத்தல் என்பன இதன் குறிகள். குளிர்பொருள் வெளியேறி அமுக்கம் தணிந்தபின் நீர் உட்புகுந்து அமுக்கியை அடையும். அதன்பின் அப்பொறியை மீட்டல் அரிது. இக்குறிகளைக் கண்டவுடன் மின்னை நிறுத்தி, வால்வுகளை மூடி, பாத்திரத்து நீரை வடித்துவிடுதலே உடைமையாளர் செய்யத்தக்கது. எஞ்சியது பயிற்சி பெற்றவர் வேலை.

அவர் உலர்ந்த நைதரசன் வாயுவைச் செலுத்தித் துளையைச் சோதிப்பார். எக்காரணத்தாலும் ஒட்சிசன் வாயுவை இதற்குப் பயன்படுத்தல் ஆகாது. அது அமுக்கியின் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். புதிய பொறிகள் பலவற்றிற் பயன்படும் ஆர்-32 என்னும் குளிர்பொருள் மெல்லத் தீப்பற்றும் இயல்புடையதாதலின் அருகே தீ கூடாது. பழைய பொறிகளிலிருந்த ஆர்-22 ஓசோன் படைக்குக் கேடு செய்வது. அப்படையைக் காக்க 1987இல் மொன்றியலில் உருவான உடன்படிக்கையில் இலங்கை 1989இல் இணைந்தது. குளிர்பொருளைக் காற்றில் திறந்துவிடாது கலத்திற் சேகரித்தலே முறை.

இத்துன்பம் வராது காக்கும் வழிகள் எளியவை. தடாக நீரின் பீ.எச். பெறுமானத்தை 7.2 முதல் 7.6 வரையில் வைத்திருக்குக. நீரின் வழி முதலில் நீர்ப்பம்பி, பின்னர் வடிகட்டி, அதன்பின் வெப்பப் பம்பி, இறுதியிற் குளோரீன் கலக்கும் கருவி என்ற ஒழுங்கில் அமைதல் வேண்டும். குளோரீன் கருவி வெப்பப் பம்பிக்கு முன்னே அமைந்தால், நீர்ப்பம்பி நின்ற இரவு முழுவதும் செறிந்த மருந்துநீர் வெப்பமாற்றியிலே தங்கி அதனைத் தாக்கும். குளோரீன் வில்லைகளை நீரை உறிஞ்சும் வாயிலில் இடும் வழக்கமும் இதே தீங்கை விளைக்கும். கருவிக்கும் பொறிக்கும் இடையே நீரைப் பின்னோக்கி விடாத ஒருவழி வால்வு ஒன்று இருத்தல் நன்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்றுநீரால் நிரம்பிய தடாகத்திற் கவனிக்க வேண்டியது சுண்ணாம்புப் படிவு. மலைநாட்டு மென்னீரிற் பெரிதும் கவனிக்க வேண்டியது அரிப்பு. நீரின் இயல்பறிந்து காவல் செய்தல் வேண்டும்.

சிறு கசிவின் பெருங்கேடு

நாளொன்றுக்கு நாலு லீற்றர்தானே என்று அசட்டை செய்வது அறிவன்று. அது மாதத்திற் சுமார் 130 லீற்றர். இழப்பை ஈடுசெய்யத் தடாகத்துக்கு ஊற்றும் நீர் பெரும்பாலும் மகாவலியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து மேட்டுக்கு ஏற்றிய குடிநீரே. ஒவ்வொரு குடத்துக்கும் மின்சாரமும் மருந்தும் செலவாகியுள்ளன. கசிவோடு போவது நீர் மாத்திரமன்று. முன்னமே சூடாக்கிய வெப்பமும் இட்ட குளோரீனும் உடன் போகின்றன. அன்றியும் சிறு கசிவு சிறிதாகவே நிற்பதில்லை. மலைச்சரிவை வெட்டி அணைச்சுவர் எழுப்பி அமைத்த தடாகங்கள் கண்டிச் சூழலிற் பல. கவனிப்பாரின்றிப் பெருகிய கசிவு அச்சுவரின் பின்னுள்ள மண்ணை இடைவிடாது நனைத்துக்கொண்டிருத்தல், மழைக்காலத்து மண்சரிவை அறிந்த நம் மலைநாட்டில் விரும்பத்தக்கதன்று.

மறுபுறத்தில், ஒடுங்குநீரைக் கசிவென்று மயங்கிக் குற்றமற்ற பொறியைப் பிரிப்பதும் கேடே. தொழிற்சாலையில் முத்திரையிட்டு மூடிய குளிர்பொருட் சுற்றை வீணே திறந்தால், அதுகாறும் இல்லாத பழுதொன்றை நாமே உண்டாக்கியவராவோம். அரை நாட் சோதனை செய்யப் பொறுமையின்றிப் புதிய வெப்பமாற்றிக்குப் பெருந்தொகை கொடுத்து, மறுநாளும் அதே இடத்தில் அதே தண்ணீரைக் கண்டு திகைப்பார் நிலை இரங்கத்தக்கது.

எனவே வரிசையை மனத்திற் பதித்துக்கொள்ளுக: முதலில் நிறுத்திப் பார்த்தல், அடுத்துக் குளோரீன் சோதனை, பின்னர் மின்னை நிறுத்தித் தாள் விரித்து இடத்தைக் காணல், இறுதியிலேயே ஸ்பானரைக் கையில் எடுத்தல். இவற்றுள் முதல் மூன்றுக்கும் கல்லூரி வகுப்பறையிற் கற்ற பௌதிகமும் இரசாயனமும் போதும். பனிபடுநிலை, மறைவெப்பம், அமுக்கம், ஒட்சைட்டுப் படலம் என்று பரீட்சைக்காகப் பாடம் செய்யும் சொற்களெல்லாம் ஓர் இயந்திரத்தின் அடியில் நிற்கும் தண்ணீரிலே பொருள் பெறுவதை மாணவர் காண்பாராக. படித்தவர் கருவியைத் தொடுவதும், கருவியைத் தொடுபவர் கணக்கிடுவதும் இழிவல்ல என்ற எண்ணம் வேரூன்றின், நம் விடுதிகளிலும் ஆலைகளிலும் பொறிகள் நெடுங்காலம் வாழும். அவற்றை நம்பி வாழும் தொழிலாளரும் நலம் பெறுவர்.